கோல் கம்பத்தில் தொங்கிய இரண்டு டயர்கள்

என் பிரியமான அப்பா,

நீங்கள் போய் மூன்று வருடம் ஆகப்போகிறது. நினைவு நாளுக்குப் பத்திரிகையில் உங்கள் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி எழுதிவிடலாம் என்று அம்மா சொன்னாள். படத்தைத் தேடி ஆல்பங்களைப் புரட்டினோம். எல்லாப் படங்களிலும் நீங்கள் வரிசையின் ஓரத்தில்தான் நிற்கிறீர்கள். கோப்பையை வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள். ஒன்றில் உங்கள் பாதி முகம் ஜோசப் அங்கிளின் தோளுக்குப் பின்னால் இருக்கிறது.

படம் வேண்டாம், கடிதமாக எழுதித் தருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். நாலு பேர் படிக்க எழுதுவது எனக்குப் பழக்கமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு யாராவது வந்தாலே புத்தகத்தோடு உள்ளறைக்குப் போய்விடுகிறவள் நான். ஆனாலும் உங்களுக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. அது நாலு வரியில் அடங்காது.

முதலில் கெட்டதைச் சொல்லிவிடுகிறேன். நம் அணி விழுந்துவிட்டது.

கப்பல் கம்பெனி ஹாக்கி ஆடுவதற்கென்றே ஆள் எடுத்து, மாதச் சம்பளம் கொடுத்து நடத்திய அணி அது. போர்ட் பிளேரில் அதை யாரும் எளிதில் வென்றதில்லை. நீங்கள் இல்லாத இந்த மூன்று வருடங்களில் உள்ளூர்ப் போட்டியில் கடைசி இடத்துக்கு வந்துவிட்டோம். போன வருடம் மெயின்லேண்டில் நடந்த போட்டியில் ஒரே ஆட்டத்தில் ஒன்பது கோல் வாங்கினோம். ஒன்பது, அப்பா. நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அந்த ஸ்கோர் பலகையைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

காரணம் சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? மைதானத்து டீக்கடைக்குப் போனால் கேட்காமலே கிடைக்கும்.

“எல்லாம் மொபைல்தாம்மா. ரீல்ஸ் பாக்கறவன் பால் பாப்பானா?”

“அட, கோச்சை மாத்துய்யா மொதல்ல. மெயின்லேண்ட்ல இருந்து ஒரு பெரிய ஆளக் கொண்டா.”

“ஜோசப் போனான், டீம் கதம். அவ்ளோதான் மேட்டர்.”

கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் நம்பினார்கள். உங்களுக்கு முன்னால் எப்போதும் ஆடிய முதல் கோல்கீப்பர் ஜோசப் அங்கிள், நீங்கள் போன அதே வருடம் பயிற்சியாளர் வேலைக்காகத் தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டார். நானும் அதைத்தான் நம்பினேன்.

ஜனவரியில் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். உங்கள் இடத்தில் எனக்குக் கிடைத்த வேலையில், அணியின் காகிதங்களெல்லாம் என் மேஜைக்குத்தான் வருகின்றன. “ரெண்டே பக்கம் எழுதுங்க. ஏன் விழுந்தோம், எழுந்திருக்க வழி இருக்கா? இல்லன்னா அதையும் எழுதிடுங்க, மார்ச்சோட மூடிடலாம்” என்றார். மூடினால் பதினெட்டு பேருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. அவர்களில் பலருக்கு ஹாக்கி மட்டையைத் தவிர வேறு தொழில் தெரியாது. அதையெல்லாம் மனதில் போட்டுக்கொண்டு அந்த இரண்டு பக்கத்தை எப்படி எழுதுவது?

பழைய ஆட்டங்களின் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு தாளிலும் உங்கள் பெயர் இருந்தது, மாற்று ஆட்டக்காரர்கள் பட்டியலில். நீங்கள் உண்மையில் களமிறங்கிய ஆட்டங்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

ஒன்று சொல்ல வேண்டும் உங்களிடம். பள்ளியில் என்னை ‘ஸ்டெப்னி பொண்ணு’ என்று கூப்பிடுவார்கள். “எல்லா வண்டியிலயும் ஒண்ணு இருக்கும்டீ. பஞ்சர் ஆனாத்தான் வெளிய எடுப்பாங்க.” நான் வீட்டில் சொன்னதே இல்லை. உங்களுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் பள்ளி ஆண்டுவிழாவுக்கு வராமல் இருந்தீர்களா?

தாள்களில் விடை கிடைக்காததால் மைதானத்துக்குப் போனேன். உங்கள் பழைய கேப்டன், வங்காளி வழக்கில் எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் ‘தா’ சேர்த்துக் கூப்பிடும் பிமல்தான் இப்போது கோச். பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கோல் கம்பத்தின் இரண்டு மேல் மூலைகளிலும் கயிற்றில் பழைய லாரி டயர்கள் தொங்கின. பையன்கள் அந்த ஓட்டைகளுக்குள் பந்தை அடித்தார்கள். பத்துக்கு எட்டு உள்ளே போனது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

“இவ்வளவு நல்லா அடிக்கறாங்களே, தாதா?”

பிமல் தா என்னிடம் இந்தியும் தமிழும் கலந்துதான் பேசுவார். “வோஹி தோ பிராப்ளம், பேட்டி. டயர் கபி நஹி ஹில்தா. உங்க பாப்பா ஹில்தா தா.”

அதுதான் பிரச்சினை மகளே, டயர் ஒருநாளும் அசையாது, உன் அப்பா அசைவார் என்கிறார். முதலில் எனக்குப் புரியவில்லை. அவர் டயரைக் காட்டி விளக்கினார். நாலரை மணிக்கு மேல் வெளிச்சம் மங்கும்வரை தினமும் நீங்கள்தான் அந்தக் கோலில் நின்றீர்களாம். ஷார்ட் கார்னர் என்கிற பெனால்டி அடிப் பயிற்சி முழுக்க உங்கள் மேல்தான். நீங்கள் இரண்டடி முன்னால் வந்து கோணத்தை அடைப்பீர்கள், பொய்யாக இடது பக்கம் சாய்வீர்கள், அடிக்கிறவனைக் கிண்டல் செய்வீர்கள். உங்களைத் தாண்டி ஒரு கோல் போட்டவனுக்கு ஞாயிற்றுக்கிழமை எதிரணி கோல்கீப்பர் பெரிதாகத் தெரிய மாட்டாராம். நீங்கள் போன பிறகு அந்த இடத்தில் நிற்க ஆள் இல்லை; இருக்கும் ஒரே கோல்கீப்பரை ஞாயிற்றுக்கிழமைக்கென்று காக்கிறார்கள். கிடங்கிலிருந்து டயர்களை எடுத்து வந்து கட்டியிருக்கிறார்கள்.

எங்களால் கோல் போட முடியாததற்குக் காரணம் அது. பள்ளியில் உங்களை ஸ்டெப்னி என்று சிரித்தார்கள்; கடைசியில் இங்கே உங்கள் இடத்தில் நிஜ டயரையே கட்டியிருக்கிறார்கள் அப்பா.

அன்றைக்கே ஜோசப் அங்கிளுக்குப் போன் செய்து, அந்தக் காலத்தில் பயிற்சியில் கோலில் யார் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று கேட்டேன்.

“என்ன பிள்ள, போலீஸ் மாதிரி கேக்க?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “சொல்லுதேன் கேளு. பிராக்டிஸ்ல நான் அரைமணி நேரம் நின்னா அதிகம். ‘வெரல் வலிக்குண்ணே’ன்னு சொன்னாப் போதும், ‘நீ உக்காருடா, ஞாயித்துக்கெழம மேட்ச் இருக்கு’ம்பாரு உங்கப்பா. அடியெல்லாம் அவருக்கு, கைதட்டெல்லாம் எனக்கு. ஒரு நாளாவது ‘இன்னைக்கு நீங்க எறங்குங்கண்ணே’ன்னு நான் சொன்னதில்ல. அவரும் கேக்கல. கேட்டிருந்தா குடுத்திருப்பேனான்னும் தெரியல, பிள்ள.”

நான் எட்டு வயதில் உங்கள் அணியோடு கப்பலில் சென்னைக்குப் போனதை அவரிடம் சொன்னேன். மூன்று நாள் பயணம். முதல் நாள் எல்லோருக்கும் வாந்தி, இரண்டாம் நாள் எல்லோருக்கும் சண்டை, மூன்றாம் நாள் எல்லோரும் ஒரே தட்டில் சாப்பாடு. நீங்கள் மேல்தளத்தில் துணி சுற்றிய பந்தை உதைத்துத் தடுத்துக்கொண்டிருந்தீர்கள். “நாளைக்கு நீங்க விளையாடுவீங்களாப்பா?” என்று கேட்டேன். “ஜோசப்புக்குக் காய்ச்சல் வந்தா” என்றீர்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்து, ஜோசப் அங்கிளுக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று மனமுருக வேண்டிக்கொண்டேன்.

“அடிப்பாவி! அதான் அந்த டூர்ல எனக்கு வயித்தால போச்சா?” என்றார். இருவரும் சிரித்தோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டே ஆடினாராம், உங்களுக்கு விட்டுக்கொடுக்காமல்.

இதோடு அறிக்கையை முடித்திருக்கலாம். பெஞ்சில் உட்கார்ந்த மனிதர்தான் அணியைத் தாங்கினார் என்று எழுதியிருந்தால் அம்மாவுக்கும் பிடித்திருக்கும். ஆனால் அந்த ஒன்பது கோல் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

அது நடந்த விதம் இது. கப்பலுக்கு நாளாகிறது என்று இப்போது அணியை விமானத்தில் அனுப்புகிறார்கள். டிக்கெட் பதிமூன்று பேருக்குத்தான். ஒரே ஒரு கோல்கீப்பர் போனார். இரண்டாவது ஆட்டத்தில் அவருக்குக் கால் பிசகியது. தடுப்பாட்டக்காரர் சுரேஷ் ராவ் முதல்முறையாகக் காலில் பேட் கட்டி கோலில் நின்றார். ஒன்பதும் அவர் மேல்தான்.

அந்த சுரேஷைக் கேட்டேன். அக்கா என்பதை இந்தியில் ‘தீதி’ என்பார்; தயங்கித் தயங்கிச் சொன்னார். “தப்பா நெனைக்காதீங்க தீதி. கோல்கீப்பர் ஆகணும்னு எனக்கு முன்னாடியே ஆசை. உங்கப்பாகிட்ட ரெண்டு தடவை கேட்டேன். ‘ஒனக்கு வயசிருக்குடா, முட்டி போயிரும், வலி தாங்க மாட்ட. நான் நிக்கறேன், நீ போ’ன்னுட்டாரு. பாசத்துலதான் சொன்னாரு.”

பாசத்தில்தான் சொன்னீர்கள். எனக்குத் தெரியாதா? நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிய வீட்டில் பிறந்து, தம்பி தங்கைகளுக்கு விழவேண்டிய அடியையும் சேர்த்து வாங்கி வளர்ந்தவர் நீங்கள். தொடையில் கன்றிப்போன இடங்களுக்கு அம்மா ஒத்தடம் கொடுக்கும்போதும் “வலிக்கல, வலிக்கல” என்றுதான் சொல்வீர்கள். அடியை யாருக்கும் பங்கு வைக்கவில்லை. அதனால் வேலையும் யாருக்கும் பங்காகவில்லை. ஜோசப் அங்கிள் போனார், நீங்களும் போனீர்கள். நீங்கள் இருபது வருடம் இருந்த அணியில், புதிதாக எடுத்த அந்த ஒரே கோல்கீப்பரைத் தவிர கோலில் நிற்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

அதனால் எழுதினேன் அப்பா. ‘இந்த நிலைக்கு என் தந்தையும் ஒரு காரணம்’ என்று இரண்டாவது பக்கத்தில் எழுதினேன். மூன்று முறை அடித்துவிட்டு மறுபடியும் எழுதினேன்.

அம்மா அதைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்தாள். “செத்த மனுசன் மேல குத்தம் எழுதித்தான் நீ சம்பளம் வாங்கணுமா? அவரு ஒடம்பு பூரா நீலமா இருந்ததக் கழுவினவ நான்.” இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மரைன் ஹில் வீட்டில் துறைமுகத்துச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அறிக்கையைக் கூட்டத்தில் நானே வாசிக்க வேண்டியிருந்தது. பத்துப் பேர் முன்னால் பேசுவதற்குப் பதில் கடலில் குதிக்கச் சொன்னால் குதித்திருப்பேன். வழி என்று நான் எழுதியிருந்தது பெரிய தத்துவம் எதுவுமில்லை. டயர்களை அவிழ்த்துவிட வேண்டும். மூன்று பேருக்குக் கோல்கீப்பிங் பழக்க வேண்டும், பயிற்சியில் முறைபோட்டு நிற்க வேண்டும். தோற்றாலும் பரவாயில்லை, ஒரு ஆட்டம் விட்டு ஒரு ஆட்டம் இரண்டாவது கோல்கீப்பர்தான் முழுக்க ஆட வேண்டும். மெயின்லேண்டுக்குப் போனால் எல்லோரும் சேர்ந்து கப்பலில்தான் போக வேண்டும், வாந்தியும் சண்டையும் உட்பட.

மேலாளர் இரண்டாவது பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். “உங்க அப்பாவையே எழுதியிருக்கீங்களே?”

“இருந்திருந்தா அவரே சொல்லியிருப்பார் சார்.”

சொல்லியிருப்பீர்களா அப்பா? உங்கள் சார்பில் நான் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். தவறாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

 பிமல் தா எழுந்தார். “ஏக் சீசன் தே தோ, சார். டயர் நான் கட்டினது. நானே அவுக்கறேன்.” ஒரு சீசன் கொடுத்திருக்கிறார்கள். மூடும் பேச்சு அடுத்த மார்ச்வரை இல்லை.

சுரேஷ் ஆடிய முதல் ஆட்டத்தில் ஆறு கோல் விழுந்தது. டீக்கடையில் என்னைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அவருடைய அடுத்த ஆட்டத்தில் மூன்று. போன ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்கு ஒன்று, சமன். நாங்கள் போட்ட அந்த ஒரு கோல், பயிற்சியில் சுரேஷிடம் தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்ட அடி. மறுபடியும் முதலிடம் வருவோமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பயிற்சியில் இப்போது பத்துக்கு மூன்றுதான் உள்ளே போகிறது. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த இன்னொன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

ஆட்டத்துக்கு முன் அம்மா மைதானத்துக்கு வந்தாள். நீங்கள் ஆடிய காலத்திலேயே வராதவள். கையில் பெரிய பை. பரணில் இருந்த உங்கள் பேட்கள். இந்த மழைக்காற்றில் பிடித்திருந்த பூஞ்சையைத் துடைத்து, நாலு நாள் மொட்டைமாடியில் காயவைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல்! அதை சுரேஷிடம் கொடுத்தாள். அவர் குனிந்து அவள் காலைத் தொடப் போனார். அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும், என்னா? சொல்லிட்டு வெளிய வந்து உக்காரணும். அவரு சொல்லவே மாட்டாரு. அதான் தப்பாப் போச்சு.”

என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். என் அறிக்கையின் இரண்டாவது பக்கத்தை அவளைவிட நன்றாக யாரும் வாசித்ததில்லை அப்பா.

நீங்கள் வாங்கிய ஒவ்வொரு அடிக்கும் நன்றி. அதனால் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் கைதட்டியது என்று இப்போதுதான் தெரிகிறது. நீங்கள் விட்டுப்போன தவறுக்கும் ஒருவகையில் நன்றிதான். அது இல்லாவிட்டால் நான் அந்த மைதானத்துக்குள் கால் வைத்திருக்கவே மாட்டேன்.

ஆட்டங்களுக்குத் தாள் உண்டு, பயிற்சிக்கு எதுவுமே கிடையாது. உங்கள் இருபது வருடம் எந்தக் காகிதத்திலும் இல்லாமல் போனது அதனால்தான். ஒரு நீள நோட்டு வாங்கியிருக்கிறேன். இனி ஒவ்வொரு மாலையும் கோலில் நின்றது யார் என்று அதில் எழுதுவேன். எத்தனை கோல் விழுந்தது என்று எழுத மாட்டேன். நின்றவர் பெயர் மட்டும். இந்த வேலையில் நான் இருக்கும்வரை ஒரு நாளும் விடுபடாது, இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. முதல் வரியில், தேதி போடாமல், உங்கள் பெயரை எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
ஜோசப் அங்கிளுக்குக் காய்ச்சல் வர வேண்டிக்கொண்ட
உங்கள் மகள்,
தேன்மொழி