விளம்புகிறவரின் கஞ்சி

மைனி,

பெரிய அண்டாபோன்ற வார்ப்பின் மூடியைத் தூக்கியதும் புழுங்கலரிசிக் கஞ்சியின் ஆவி முகத்தில் அடித்தது. கூடவே, கோரிக் குடிக்க வைத்திருந்த பச்சைப் பிலாவிலையின் மணம். இன்று பெரிய வெள்ளி. மும்மணி நேர ஆராதனை முடிந்து, சபை முழுவதும் ஆலயத்து மாமரத்தடியில் வரிசையாக நின்றது. இங்கிலாந்திலிருந்து லீவில் வந்தவள், என் பாட்டுக்கு ஓரமாக நின்றிருந்தேன். பக்கத்து வீட்டு லில்லி அக்கா அகப்பையைக் கொண்டுவந்து என் கையில் திணித்து, "நீ அவளுக்கெ நாத்தூன் அல்லியா, பிடி" என்றாள். எனக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. பிறகுதான் அது நீங்கள் நிற்கும் இடம் என்று உறைத்தது.

அண்ணனைக் கட்டி நம் வீட்டுக்கு வந்த வருஷத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போகும்வரை இந்த வார்ப்பு உங்கள் பொறுப்பு. அகப்பை பிடித்து விளம்புகிற ஆள் கடைசியில்தான் குடிக்கவேண்டும் என்பது நம் ஆலயத்து வழக்கம். மற்ற பெண்கள் மறைவாக ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் அகப்பையைத் தொடுவார்கள். நீங்கள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் நிற்பீர்கள். "ஆளுவ தீரட்டு மக்கா, பெறவு" என்பீர்கள். உங்கள் பிடிவாதத்தைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அங்கே போயும் விட்டீர்களா? பெரிய வெள்ளி வந்தால் நாம் மூவரும் இருந்த வீட்டின் சின்ன அடுக்களையில் கஞ்சி கொதிக்கும். மலையாளி சமாஜத்துக்காரர்கள் நம்மைப் பாண்டி, அதாவது தமிழர், என்று முதுகுக்குப் பின்னால் இளக்காரமாகச் சொன்னவர்கள். தமிழ்ச் சங்கத்துக்காரர்கள், ஊர் கேரள எல்லையோரப் பாறசாலை என்றதும், "ஓ, நீங்க மலையாளிங்களா" என்று சிரித்துவிட்டு நகர்ந்தவர்கள். கஞ்சிக்கு மட்டும் இரண்டு கூட்டமும் வந்து நின்றது. "ஒரு சொட்டு குடுக்கப்பிடாது" என்று நான் குதித்தேன். "பசிச்சு வந்தவன்கிட்ட என்ன பாஷைண்ணா கேப்ப? போயி பயறை எடுத்து விளம்புட்டி" என்றீர்கள். பிலாவிலைக்குப் பதில் ஸ்டீல் கரண்டி என்பது ஒன்றுதான் உங்கள் குறை.

அந்த ஆஸ்பத்திரி மத்தியானத்தைச் சொல்லாமல் இந்தக் கடிதம் முடியாது. பக்கவாதம் உங்கள் வலது பக்கத்தைக் கொண்டுபோயிருந்தது. கற்ற இங்கிலீஷும் போய்விட்டது. மூக்கில் போட்ட குழாயை இடது கையால் பிடுங்கி எறிந்திருந்தீர்கள். அன்று வாயால் விழுங்கிக் காட்டாவிட்டால் வயிற்றைத் துளைத்துக் குழாய் வைப்போம், அப்புறம் வாய்வழிச் சாப்பாடு சந்தேகம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் கையெழுத்துப் போடவேண்டிய காகிதம் மேசையில் கிடந்தது. சொந்தக்காரர் மொழிபெயர்த்தால் செல்லாதாம். போனில் தமிழ் ஆளைக் கூப்பிட்டார்கள். உங்கள் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இது மலையாளம் என்றார். மலையாள ஆளைக் கூப்பிட்டார்கள். "அய்யோ, இது தமிழாணல்லோ" என்று அவரும் வைத்துவிட்டார். சாகக் கிடக்கிற நேரத்திலும் நம்மை எந்தப் பக்கமும் ஏற்கவில்லை மைனி. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

விழுங்குவதைப் பரிசோதிக்க வந்த இளம்பெண், வீட்டிலிருந்து நான் கொண்டுபோன கஞ்சியைக் கிண்டிப் பார்த்தாள். குழையக் கடைந்து கொண்டுபோயிருந்தேன். இந்தக் கெட்டி சரிதான், கொடுக்கலாம் என்றாள். கரண்டியை நீட்டினேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டீர்கள். கெஞ்சினேன், அதட்டினேன். அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். அண்ணன் பேனாவை எடுத்துவிட்டான்.

அப்போதுதான் போர்வைமேல் உங்கள் இடது கையைப் பார்த்தேன். கோருவதும் சரிப்பதுமாக அது அசைந்துகொண்டே இருந்தது. காதை உங்கள் வாயருகே கொண்டுபோனேன். "இனியும் ஆளு உண்டு மக்கா."

நீங்கள் ஆஸ்பத்திரியில் இல்லை. வார்ப்புக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள்.

"குடி அண்ணா" என்று ஒரு தம்ளரில் ஊற்றி நீட்டினேன். "எனக்கெதுக்குட்டி இப்போ?" என்றான். "மிண்டாம குடி." அவன் பேனாவை வைத்துவிட்டுக் குடித்தான். நானும் குடித்தேன். உங்கள் கண் அந்தப் பெண்ணிடம் போய் நின்றது. அவளிடமும் நீட்டினேன். "நானுமா?" என்றாள். ஆமாம், நீங்களும் வரிசையில் நிற்கிறீர்கள் என்றேன். என்ன நினைத்தாளோ, மகராசி, வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"ஆளு தீந்தாச்சு மைனி. இனி நீங்க குடியுங்க."

ஒவ்வொரு முகமாகப் பார்த்தீர்கள். சரிபார்க்கிறீர்களாம். பிறகு வாய் திறந்தது. மூன்று பேரும் உங்கள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது அசையவில்லை. அண்ணன், "ஆண்டவரே" என்றான். பிறகு அசைந்தது. இறங்கியது. "உப்பு போராது" என்றீர்கள். என்ன சொல்கிறார் என்று அவள் கேட்டாள். சொன்னேன். சிரித்துக்கொண்டே அதையும் எழுதிக்கொண்டாள்.

காகிதம் கையெழுத்தில்லாமலே திரும்பிப் போனது. இரண்டாவது முறை பக்கவாதம் வந்து உங்களை அந்தக் குளிர்ந்த மண்ணில் வைக்கும்வரை நீங்கள் வாயால்தான் சாப்பிட்டீர்கள். இன்றும் நினைத்தால் எனக்குப் பயம்தான் வருகிறது. அந்தக் கையை நான் பார்க்காமல் போயிருந்தால்?

இன்று வரிசை வெள்ளறடை ரோடுவரை நீண்டது. பசி காதை அடைத்தது. ஒரு வாய் குடித்துவிட்டு விளம்பினால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனாலும் குடிக்கவில்லை. கூட்டம் தீர்ந்தபின் அடியைச் சுரண்டி எனக்கு ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு, பிலாவிலையைக் கரண்டிபோலக் கோட்டி ஈர்க்கில் குத்தி, மாமரத்தடியில் உட்கார்ந்தேன். லில்லி அக்கா வார்ப்பைக் கவிழ்த்துக்கொண்டே, "ஆளு தீந்தாச்சு மக்கா. இனி நீ குடி" என்றாள். அவளுக்கு ஆஸ்பத்திரிக் கதை ஒன்றும் தெரியாது.

அள்ளி வாயில் வைத்தேன். தொண்டையிலேயே நின்றுவிட்டது. வெகுநேரம் கழித்துத்தான் இறங்கியது.

உப்பு போராது, மைனி.