பத்தாவது மாத்திரை

மார்ச் 4, ஞாயிறு

இன்றும் காணிக்கைப் பை எங்கள் வரிசையை வெறுமனே கடந்து போனது. வருமானத்தில் பத்தில் ஒன்றைப் போட்டுத் தரும் தசமபாகக் கவர்களை வருஷா வருஷம் எங்கள் அச்சகத்தில் வெட்டிக் கொடுப்பவன் நான். சபையில் எல்லாரும் என் கைவேலையைப் போட, நான் மட்டும் கைகட்டி உட்கார்ந்திருக்கிறேன். சபைப் பொருளாளர் (நான் வைத்த பெயர் கால்குலேட்டர்) எங்கள் பக்கம் பார்த்து, பார்க்காத மாதிரி கண்ணாடியைத் துடைத்தார். மனிதருக்கு அந்தக் கண்ணாடி அதற்கு மட்டும்தான் பயன்படுகிறது.

அச்சகத்தில் ஆர்டர் இல்லை. “வீட்ல இருங்க, வேலை வந்தா கூப்பிடுறேன்” என்றார் முதலாளி. இருக்கிறேன்.

மனைவியின் காதில் கேட்டேன், “பூஜ்யத்துல பத்துல ஒண்ணு எவ்வளவு?” தொடையில் கிள்ளினாள். ஆராதனை முடியும்வரை நிமிரவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து, சம்பளம் வந்தால் அரிசிக்கு முன்னால் பத்தில் ஒன்றை எடுத்து வைப்பவள்.

மார்ச் 9

மைத்துனன் வந்தான். லாரி ஓட்டுகிறவன். அவன் அக்காவுக்கு மாதாமாதம் மாத்திரை வாங்கிக் கொடுப்பது இப்போது அவன்தான். இதயத்தில் வால்வு மாற்றியதிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க அவள் தினம் ஒன்று விழுங்க வேண்டும். ஒரு நாள்கூடத் தவறக் கூடாது என்று டாக்டர் என்னைத்தான் மிரட்டி அனுப்பினார்.

“அத்தான், அக்கா பேச்சை மறந்தாலும் மறங்க, மாத்திரையை மறந்துடாதீங்க” என்றான்.

“அவ பேச்சை மறக்கறதுக்கு மாத்திரை இருந்தா அதையும் வாங்கிட்டு வா மச்சான்.”

உள்ளேயிருந்து கரண்டி விழும் சத்தம். விழவில்லை, வைத்தாள்.

மார்ச் 14

வேலை கேட்டுப் போனேன். வயதைக் கேட்டார்கள். தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள்.

மார்ச் 27

தலைவலி மாத்திரை தேடப் போய் அவள் டப்பாவைத் திறந்தேன். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு மூலை இல்லை. பத்து மாத்திரை அட்டையில் ஒன்றைக் கத்தரிக்கோலால் அழகாக வெட்டி எடுத்திருக்கிறாள். வெட்டுத் தொழிலில் இருப்பவன் நான். எனக்கே அவ்வளவு நேராக வராது.

கேட்டேன். மறைக்கவே இல்லை.

“தம்பி கொண்டு வர்றதுதானே இப்ப எனக்கு வரவு? அதுல பத்துல ஒண்ணை நானே எப்படி வச்சுக்கறது?”

ஆலயத்தைக் கூட்டுகிற விதவைக்குப் போகிறதாம். அவளுக்கும் அதே ஆபரேஷன், அதே மாத்திரை; மாசக் கடைசியில் வாங்கக் காசு தீர்ந்துவிடுமாம். “அவளுக்குத் தம்பி இல்லைங்க.”

அந்த ஒரு நாள்? அந்த ஒரு நாள் இவள் சும்மா இருந்துவிடுவாளாம்.

கத்திவிட்டேன். உன் நெஞ்சுல ஓடுற ரத்தத்துலயுமா ஆண்டவர் கமிஷன் கேக்கறாரு? என்ன எழவு இது?

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. “அவர் கேக்கலைங்க. கேட்டுக் கொடுத்தா அது வரி. வரி கட்டுறவன் மீதி தன்னோடதுன்னு நினைப்பான். மீதி ஒன்பதும் அவரோடதுன்னு ஒத்துக்கறதுக்குத்தான் இந்த ஒண்ணு.”

தலைவலி மாத்திரையைத் தேடாமலே டப்பாவை மூடினேன்.

மார்ச் 28

போதகரிடம் போய்ச் சொன்னேன். புதிதாய் வந்த சின்ன வயதுக்காரர், சிரிப்பார் என்று நினைத்தேன். முகம் வெளுத்துவிட்டது.

“ஐயா, இது கொடுக்கக் கூடாதது. இல்லாதவங்களுக்குக் கொடுக்கத்தான் சபைக்குத் தசமபாகமே வருது. அந்த அம்மாவுக்கு நாங்க வாங்கித் தந்திருக்கணும்.”

உடனே கால்குலேட்டருக்குப் போன் போட்டார். புதிய செலவு என்றால் கமிட்டி கூடித் தீர்மானிக்க வேண்டுமாம். கமிட்டி இப்போது ஆலயச் சுவருக்கு வெள்ளையா இளம் மஞ்சளா என்பதில் இருக்கிறதாம்.

போதகர் போனை வைத்துவிட்டு என்னோடு வீட்டுக்கே வந்தார். அவர் எதிரில் உட்கார்ந்து, “சரி, இனி வெட்ட மாட்டேன்” என்று சொன்னாள். “ஆனா அவளை விட்டுடாதீங்க” என்றாள். இந்த மாதத்துக்குத் தன் கையிலிருந்து வாங்கிக் கொடுப்பதாக அவர் சொன்ன பிறகுதான் காபி போட எழுந்தாள்.

டப்பா இப்போது என் அலமாரியில். இன்றிலிருந்து தினமும் நானே கையில் வைத்துக் கொடுக்கிறேன். “நர்ஸம்மா வந்துட்டாங்க” என்றாள்.

ஏப்ரல் 2

துணி காயப்போடப் போனவள் கொடிக்குக் கீழே கிடந்தாள். வலது பக்கம் வரவில்லை. வாய் கோணிவிட்டது. என்னமோ சொல்ல வந்தாள்.

மாத்திரை தவறினதா என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். எந்த நாளில் உறைந்தது, அதனால்தானா என்று யாராலும் சொல்ல முடியாதாம். எதுக்குய்யா அப்ப கேட்டே?

ஏப்ரல் 4

போய்விட்டாள்.

ஏப்ரல் 6

அடக்கம். எல்லாரையும்விட அதிகம் அழுதவர் கால்குலேட்டர். “ஒழுங்கா கொடுத்த குடும்பம்” என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு பிடிக்க ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 21

ஆலயம் கூட்டும் அம்மா வந்தாள். வாசற்படியைத் தாண்டவில்லை. இத்தனை நாளும் இவளுக்கு ஒரு கடுஞ்சொல் வைத்திருந்தேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“அக்கா எனக்கு மாத்திரை கொடுப்பாங்க ஐயா. தம்பி கூடுதலா வாங்கிட்டு வர்றாரு, வீணாப் போகுதுன்னு சொல்லுவாங்க. நிஜந்தானே? அவங்களுக்கு உள்ளதை எனக்குக் கொடுத்துடலையே?”

கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சைக் கையால் பிடித்திருந்தாள்.

“மிச்சம்தாம்மா” என்றேன். “அவன் எப்பவும் அப்படித்தான். கணக்கு தெரியாதவன்.”

டப்பாவில் இருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டேன்.

மே 5, சனி

அச்சகத்தில் கூப்பிட்டார்கள், போன வாரத்திலிருந்து போகிறேன். இன்று முதல் கூலி. வீட்டுக்கு வரும் வழியில் மருந்துக்கடை. முழு அட்டைகளாக வாங்கினேன். பத்தில் ஒன்றைவிடக் கொஞ்சம் கூடவே ஆயிற்று. இது தசமபாகத்தில் சேருமா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கமிட்டி போடுவார்கள்.

ஆலயத்தில் அவள் நாளைக்காகக் கூட்டிக்கொண்டிருந்தாள். சுவர் இளம் மஞ்சள். துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினாள்.

“அக்கா போனப்புறமுமா தம்பி கொண்டு வர்றாரு?”

“கொண்டு வர்றான்மா” என்றேன்.