கிட்டத்தான் என்றாய்

எங்கே போகிறாய் என்று நீ சொல்லவில்லை. அதனால்தான் செத்தாய். பனிச்சரிவு உன் காலை மட்டும்தான் முறித்தது. மிச்ச வேலையை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து செய்து முடித்தோம்: நீ, உன் அம்மா, நான்.

இதை எழுத வைத்தது ஒரு வெள்ளைச் சட்டை. நான் வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்தில் இன்று பெற்றோர் கூட்டம். காலையில் சட்டையை அயன் செய்யும்போது முதுகுப் பக்கத்தில் எண்ணெய்த் தாள் போல ஒரு கறை இறங்கியது. கூடவே அந்த மணம், உருகிய மெழுகும் கருகிய தூசியும். உன் அயன்பெட்டி அது. ஆவி வரும் ஓட்டைகளுக்குள் உன் ஸ்கீ மெழுகு இன்னும் இருக்கிறது. இரண்டு வருடமாகத் துடைக்கிறேன், போகவில்லை.

ஸ்கீப் பலகை பனியில் வழுக்கி ஓட அடியில் மெழுகு தேய்ப்பதற்கென்றே கடையில் தனி அயன்பெட்டி உண்டு. உனக்கு உன் அம்மாவின் பழைய பெட்டிதான் பிடிக்கும். மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் உங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் இரண்டு கதிரைகளுக்கு நடுவில் ஸ்கீயைப் படுக்க வைத்து நீ மெழுகு உருக்குவாய். பிறகு அதே பெட்டியை ஒன்றும் நடக்காததுபோல மேலே கொண்டுபோய் வைப்பாய். ஒரு ஞாயிறு உன் அம்மா முதுகெல்லாம் கறையோடு பூசைக்குப் போய் வந்தார்.

"கோயிலில மெழுகுதிரி கொளுத்தத்தானே போறனான், நீ என்னையே மெழுகுதிரி ஆக்கி விட்டிருக்கிறாய்!"

"நல்லதுதானே அம்மா, இனி வழுக்கிக்கொண்டு கெதியா மோட்சத்துக்குப் போவியள்."

மூன்று பேரும் சிரித்தோம். உன் அம்மா சிரித்ததை நான் பார்த்தது அப்படி ஒரு சில தடவைதான்.

உன் வேலை ஸ்கீக் கடையின் பின்பக்கத்துப் பட்டறையில். முன்னால் விற்பவர்கள் எல்லாரும் ஒரே நிறம், ஒரே பல்வரிசை. பின்னால் நீ. ஊரில் உள்ளவர்களின் ஸ்கீக்கெல்லாம் விளிம்பு தீட்டினாய், அடியில் விழுந்த கீறலை நிரப்பினாய். ஒவ்வொரு சோடியிலும் ஒரு மஞ்சள் துண்டு தொங்கும். உரிமையாளர் பெயர், செய்ய வேண்டிய வேலை, கொடுக்க வேண்டிய நாள். எல்லாம் ஈரத்தில் அழியாத சிவப்பு மெழுகுப் பென்சிலால் எழுதியிருக்கும்.

மலை ஏறி இறங்கும் ஸ்கீயை நீ அந்தப் பட்டறையில் நின்றே கற்றாய். கம்பிக்கயிற்றில் தொங்கி ஓடும் கதிரையில் உட்கார்ந்து மேலே போகிற விளையாட்டு இல்லை இது. பின்னால் வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் மயிர்ப்பட்டியை ஒட்டி, சொந்தக் காலால் மலை ஏறி, உச்சியில் பட்டியை உரித்துவிட்டு, ஒருவரும் பாதை போடாத பனியில் இறங்குவது. தனியாகப் போகவே கூடாது என்பது இதன் முதல் சட்டம். கடைக்காரர்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் கூட்டமாகக் கஸ்பே மலைகளுக்குப் போவார்கள். நீயும் ஒவ்வொரு வசந்தமும் கேட்டாய். கார் நிரம்பிவிட்டது என்றார்கள். அடுத்த முறை கட்டாயம் என்றார்கள். அவர்கள் கொண்டுபோகும் ஸ்கீயை எல்லாம் முதல்நாள் நீதான் தயார் செய்து அடுக்கி வைத்தாய்.

ஆகவே உனக்கு நான்தான் கிடைத்தேன். பஸ்ஸுக்கு ஓடினாலே மூச்சு வாங்குகிற நான்.

முதல் தடவை என்னைக் கூட்டிப்போன சித்திரை மாதம் நினைவிருக்கிறது. மொன்றியலில் பனி முழுக்கக் கரைந்து நடைபாதை எல்லாம் குளிர்காலத்துச் சரளைக்கல்லும் நாய்ப்பீயும். சனங்கள் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். காரின் மேல் ஸ்கீயைக் கட்டிய எங்களைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். ஒரு பகல் முழுக்கக் கார் ஓடிக் கஸ்பேக்குப் போனோம். அடுத்த நாள் காலை வெயில் ஏற முன்பே மலை அடியில் நின்றோம்.

"மாடு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைக்காதை. இழுத்துக்கொண்டு வா."

"எனக்கு இடுப்பு விட்டுப்போச்சடி."

"உனக்கு இடுப்பு எண்டு ஒண்டு இருக்கெண்டு இண்டைக்குத்தான் தெரியுமாக்கும். நட!"

நடுவழியில் நீ குனிந்து பனியைக் கையால் குத்திக் காட்டினாய். சித்திரைப் பனி இரவில் உறையும், பகலில் இளகும். "காலமையில கல்லு, பத்து மணிக்கு வெண்ணெய், மத்தியானம் கஞ்சி. வெண்ணெயா இருக்கேக்க இறங்கிவிட வேணும். கஞ்சியானா மலை தன்ரை பாட்டுக்கு இறங்கும்." அப்படித்தான் சொன்னாய். இப்போதும் கஞ்சி காய்ச்சும்போது அது நினைவு வருகிறது. காய்ச்சுவதைக் குறைத்துவிட்டேன்.

உச்சியில் ஒரு மனிதர் பாண் தின்றுகொண்டிருந்தார். "பொன்ஜூர்" என்றாய். அவரும் சொன்னார். உன்னை அடையாளம் தெரியவில்லை. நீ என் காதுக்குள் சொன்னாய், "அந்த ஸ்கீயின்ரை விளிம்பு போன கிழமை நான் தீட்டினது. ஸ்கீயைத் தந்தது நேரா என்ரை கையிலதான்." எனக்குக் கோபம் வந்தது. உனக்கு வரவில்லை. "விளிம்பு நல்லா நிக்குது பார்" என்று அவர் இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

என்னால் எல்லா வாரமும் வர முடியாது. அதனால் நீ தனியாகப் போகத் தொடங்கினாய். அதற்கு நாங்கள் ஒரு முறை வைத்திருந்தோம். புறப்பட முன்பு கடையின் மஞ்சள் துண்டு ஒன்றில் சிவப்புப் பென்சிலால் எழுதுவாய்: எந்த மலை, எந்தச் சரிவு, காரை எங்கே விடுவேன், எத்தனை மணிக்குப் போன் எடுப்பேன். உரிமையாளர் பெயர் எழுதும் இடத்தில் உன் பெயர். துண்டு என் கையில் இருக்கும். அந்த நேரத்துக்குப் போன் வராவிட்டால் நான் பொலிசைக் கூப்பிட வேண்டும். நேரம் தாண்டி ஒரு நிமிடம் கூடப் பொறுக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கினாய். ஒவ்வொரு முறையும் போன் வந்தது. ஒவ்வொரு முறையும் நான் துண்டைக் கிழித்துப் போட்டேன்.

உன் அம்மாவுக்கு இது ஒன்றும் தெரியாது. அவரைப் பொறுத்தவரை நீ சிநேகிதிகளோடு ஊர் சுற்றப் போகிறாய். அவர் கேட்கவும் மாட்டார். எங்கள் ஆட்களில் வெளிக்கிடுகிறவரைப் பார்த்து "எங்க போறாய்" என்று கேட்பது பெரிய பாவம். கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். அதற்குப் பதிலாக "துலைக்கோ?" என்று கேட்பார்கள். தூரமா என்று பொருள். மறுமொழி எப்போதும் ஒன்றுதான்: "இல்லை, கிட்டத்தான்." கடல் கடந்து இங்கே வந்த சனம், இயந்திரப் படி ஏறிப் போகிற நகரத்தில் இருந்துகொண்டு, இன்னும் வாசலில் நின்று இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. நான் அதைப் பரிகாசம் செய்யாத நாள் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை நான் உங்கள் வீட்டுக்கு வந்தது துண்டை வாங்கத்தான். முதல்நாள் வியாழனோடு கடையில் உன் வேலை முடிந்திருந்தது. சீசன் முடிந்தால் உன்னை இலையுதிர் காலம் வரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கடைசித் தடவை போய்ப் பனியை மிதித்துவிட்டு வருகிறேன் என்றாய். நீ சப்பாத்துப் போட்டாய். உன் அம்மா வழக்கத்துக்கு மாறாக வாசல்வரை வந்தார்.

"துலைக்கோ பிள்ளை?"

"இல்லையம்மா, கிட்டத்தான். ஞாயிறு இரவைக்கு வந்திடுவன்."

"சாப்பிட்டுக்கீப்பிட்டுத் திரி. மாதா துணை. போட்டு வா."

அவர் உன் நெற்றியில் சிலுவை போட்டார். நான் உனக்குப் பின்னால் ஒரு முழத்தில் நின்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் "எங்க போறாய்" என்று கேட்டுத் துண்டை வாங்கியிருக்க வேண்டும். கேட்டால் உன் அம்மா முகம் செத்துவிடும், வாசலில் சண்டை வரும், உன்னைத் திரும்ப உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் குடிக்க வைத்து இருத்துவார். அது எனக்குத் தொந்தரவாக இருந்தது. அதைவிட வெட்கமான காரணம் ஒன்றும் உண்டு. எனக்கும் நாக்கு எழவில்லை. இதை எல்லாம் நம்பாதவள் நான். இருந்தும், கேட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு கணம் நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். உன் அம்மா வாசலில் பார்த்துக்கொண்டு நிற்க, நீ படி இறங்கிப் போனாய்.

சனிக்கிழமை உன் செய்தி வந்தது. "அய்யோ, துண்டு பொக்கெற்றுக்கை இருக்கு. தர மறந்துபோனன். பேந்து படம் எடுத்து அனுப்புறன். நாளைக்குத்தான் ஏறுவன்." நான் ஒரு மண்டபத்தில் நின்றேன். மாமா மகள் முதல்முதல் நற்கருணை வாங்கிய முதல் நன்மை விருந்து. இரண்டு கையிலும் றோல்ஸ் தட்டு. தட்டை வைத்துவிட்டுக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன். அதுதான் உனக்கு நான் கடைசியாகச் சொன்னது. ஒரு கட்டைவிரல்.

படம் வரவில்லை. ஞாயிறு போன் வரவில்லை. துண்டு இல்லாததால் எத்தனை மணிக்குப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. போனில் சார்ஜ் இல்லையாக்கும், களைத்துப் படுத்திருப்பாய் என்று நானே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டேன். திங்கள் காலை உன் அம்மா போன் எடுத்தார். "பிள்ளை உன்னோடயே நிக்கிறாள்?"

பொலிஸ்காரர் பிரெஞ்சில் மரியாதையாகத்தான் கேட்டார். எந்த மலை? கஸ்பே பக்கம், என்றேன். எந்தப் பள்ளத்தாக்கு? தெரியாது. கார் எங்கே? தெரியாது. எப்போது ஏறினார்? ஞாயிறு என்று நினைக்கிறேன். அவர் பேனையைக் கீழே வைத்தார். "மடாம், நீங்கள் சொல்லும் இடம் ஒரு சின்ன நாடு அளவு."

செவ்வாய் பின்னேரம் காரைக் கண்டுபிடித்தார்கள். முன்கண்ணாடிக்குக் கீழே மஞ்சள் துண்டு கிடந்தது. மலை, சரிவு, காரை விடும் இடம், ஞாயிறு மாலை ஐந்து மணி. எல்லாம் உன் கையெழுத்தில், சிவப்புப் பென்சிலில், ஒரு பிழை இல்லாமல். அந்தப் பென்சில் பட்டறையை விட்டு வெளியே வராது. அப்படியென்றால் நீ அதை வியாழக்கிழமையே எழுதிவிட்டாய். வாசலில் நீ என்னைத் திரும்பிப் பார்த்தபோது அது உன் பொக்கெற்றில் இருந்தது.

புதன் காலை உன்னைக் கண்டார்கள். சனி இரவு பனி உறையவில்லை, ஞாயிறு காலையிலேயே கஞ்சியாக இருந்திருக்கும் என்றார்கள். அது உனக்கும் தெரிந்திருக்கும். ஏன் ஏறினாய் என்று எனக்குத் தெரியாது. சரிவு உன்னை மரங்களுக்குள் கொண்டுபோய் அடித்திருக்கிறது. தொடை எலும்பு முறிந்திருந்தது. நீ உன்னைத் தோண்டி எடுத்து, ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து, மயிர்ப்பட்டிகளைக் கீழே விரித்து உட்கார்ந்திருக்கிறாய். மேலே இருந்து தெரிவதற்காக ஸ்கீ இரண்டையும் குறுக்காக நட்டு வைத்திருக்கிறாய். எல்லாம் முறைப்படி. எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தாள் என்று கேட்டேன். ஒரு இரவு, அல்லது ஒன்றுக்கு மேல் என்றார் பொலிஸ்காரர். காரிலிருந்து நடந்து போகிற தூரம்தானாம். உண்மையிலேயே கிட்டத்தான்.

அடக்கத்துக்குச் சனம் நிறைய வந்தது. "பொம்பிளைப் பிள்ளைக்கு மலையில என்ன வேலை?" என்று ஒரு அன்ரி எனக்குப் பின்னால் சொன்னார். திரும்பி, "உங்கட மகன் காரில நூற்றி எழுபதில போறான், அவனுக்கு ரோட்டில என்ன வேலை?" என்றேன். கடைக்காரர்கள் பெரிய மலர்வளையத்தோடு வந்தார்கள். எங்கள் எல்லாரையும்விட மலையை அவள்தான் விளங்கிக்கொண்டாள் என்றார் முதலாளி. எத்தனை தடவை கூட்டிப்போனீர்கள் என்று கேட்டேன். அவர் அழுதார். எனக்கு எண்ணிக்கை வேண்டியிருந்தது, அழுகை வேண்டியிருக்கவில்லை. உன் அம்மா ஒருவரையும் குறை சொல்லவில்லை. "கிட்டத்தான் எண்டவள், கிட்டத்தான் எண்டவள்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து அயன்பெட்டியை என்னிடம் தந்தார். வீட்டில் வைத்திருக்க ஏலாதாம்.

இரண்டு வருடத்தில் ஒன்றும் மாறவில்லை. பட்டறையில் இப்போது ஹெயிட்டிக்காரப் பெடியன் ஒருவன். போன வாரம் எட்டிப் பார்த்தேன். இந்த வசந்தம் அவர்களோடு போகிறாயா என்று கேட்டேன். கார் நிரம்பிவிட்டதாம். உன் அம்மாவை ஞாயிறுகளில் போய்ப் பார்க்கிறேன். வெளிக்கிடும்போது வாசலுக்கு வந்து இன்னும் "துலைக்கோ பிள்ளை?" என்றுதான் கேட்கிறார். நான் பஸ், மெட்ரோ, இறங்கும் இடம், வீடு போய்ச் சேரும் நேரம் எல்லாம் சொல்கிறேன். அவர் காதைப் பொத்துகிறார்.

நான் எல்லாரையும் கேட்கிறேன். மாமாவை, தம்பியை, காப்பகத்தில் பிள்ளையை விட்டுவிட்டு ஓடும் தாய்மாரை. எங்க போறாய், எங்க போறியள், எத்தனை மணிக்கு. விசரி என்கிறார்கள். தம்பி இப்போது பின்கதவால் போகிறான். உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் கேள்வியும் இந்த அயன்பெட்டியும்தான். இரண்டும் தொடுகிற எல்லாவற்றிலும் கறை வைக்கின்றன.

இன்று காலை கறைபட்ட சட்டையோடு அந்த வெள்ளிக்கிழமைக்கே திரும்பி உங்கள் வாசலில் மறுபடியும் நிற்கிறேன். உன் அம்மா சிலுவை போட்டு முடித்துவிட்டார். நீ ஒரு கால் படியில் வைத்துத் திரும்பிப் பார்க்கிறாய். பொக்கெற்றில் மஞ்சள் துண்டு. உன் அம்மா முகம் எப்படிப் போனாலும் போகட்டும், கையை நீட்டிவிட்டேன்.

நில்லடி. எங்க போறாய்? துண்டைத் தந்திட்டுப் போ.