குஞ்சு தூக்கும் கால்கள்

மாசி 3, திங்கள்
காலையில் பனி. நூல் ஈரம் இழுத்துவிட்டது. எட்டு மணி வரை நெசவு இல்லை.
கறுப்புக் கோழி அடையிலிருந்து குஞ்சுகளோடு இறங்கியது. ஒன்பது. இரண்டு கூமுட்டை. கறுப்பு ஐந்து, மஞ்சள் மூன்று, புள்ளி ஒன்று. எழுதி வைப்பது நல்லது. இந்தக் காலத்தில் யாரை நம்புவது.
பக்கத்து வீட்டு நாகம்மா வேலிக்கு மேல் தலையை நீட்டி, "ஒம்போதா அண்ணா? எல்லாம் நல்லா கீதே" என்றாள். அவள் கண்ணே சரியில்லை. என் வீட்டுக்காரி வள்ளி உடனே உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள்.

மாசி 6, வியாழன்
எட்டு.
வள்ளி: "பருந்து தூக்கிக்கினு போயிருக்கும்." பருந்து என்றால் கோழி தெருவையே கூட்டியிருக்காதா? பூனை என்றால் இறகாவது கிடக்கும். ஒன்றும் இல்லை. எலுமிச்சம்பழம் அளவு குஞ்சு, குழம்புக்கும் ஆகாது. எவனுக்கு, எதற்கு?
நொய் வாங்க. குஞ்சுக்குக் கரையான் பிடிக்கப் பானை கவிழ்க்க.

மாசி 8, சனி
ஏழு.
மிச்சக் குஞ்சுகளின் காலில் அரக்குப் பட்டு நூல் கட்டினேன், கழிவு நூல்தான். வள்ளி சிரிக்கிறாள்: "நான் கட்டாத பட்டை குஞ்சுக்குக் கட்டுறியேயா." போன வருஷம் ஒரு குஞ்சைக் கீரி கொண்டுபோனதற்கு இரண்டு வேளை சாப்பிடாதவள். இப்போது சிரிப்பு. இதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

மாசி 9, ஞாயிறு
ஆறு.
சுண்ணாம்பு கேட்கிற சாக்கில் நாகம்மா வீட்டுக் கொல்லைக்குப் போனேன். நூல் கட்டிய கால் ஒன்றும் இல்லை. "இன்னா அண்ணா, கோழி காலையே பாத்துக்கினு கீற?" மானம் போயிற்று. சுண்ணாம்பையும் வாங்க மறந்தேன்.

மாசி 11, செவ்வாய்
நல்ல வெயில். கொல்லைக் கதவில் தட்டி தொங்கவிட்டேன். தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தால் தட்டிக்குக் கீழே முழங்கால் உயரத்துக்குக் கொல்லை தெரியும். திருட்டைப் பிடிக்க அது போதும்.
எலெக்‌ஷன் ஜீப் கத்திக்கொண்டு போனது. பன்னிரண்டு மணிச் சங்கு. வள்ளி குடத்தோடு குழாய்க்கு. கொஞ்ச நேரத்தில் தட்டிக்குக் கீழே இரண்டு கால். பெண் கால், மெட்டி. கோழி கத்தவே இல்லை! மரத்துப்போன காலைக் குழியிலிருந்து எடுத்து எழுவதற்குள் போய்விட்டது. குஞ்சு ஐந்து.
குடத்தோடு வந்த வள்ளியிடம், "யாரு வந்தது?" என்றேன்.
"யாரும் வரல. வெயில்ல உனக்குக் கண்ணு பூத்துப்போச்சு."
அவள் குடம் காலி.

மாசி 12, புதன்
கூட்டுக் களவு. வள்ளிக்குத் தெரியும்.
சங்கு. அதே கால்கள். பக்கத்தில் வள்ளியின் கால்கள்.
இன்று நன்றாகப் பார்த்தேன். இடது சுண்டுவிரலில் நகம் இல்லை. ஆறு வயதில் தறிமரம் விழுந்து நசுங்கிய விரல். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான்.
செல்வி. என் மகள். திருப்புட்குழி ரேடியோ ரிப்பேர்க்காரனைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு வருஷம். அவர்கள் நம் ஆட்கள் இல்லை. என் வாசற்படி மிதிக்கக் கூடாது என்றேன். மிதிக்கவில்லை. கொல்லை வழியாக வருகிறாள்.
கறுப்புக் கோழி ஏன் கத்தவில்லை என்று இப்போது தெரிகிறது. அதைக் குஞ்சிலிருந்து வளர்த்தவள் அவள்.
இரண்டு காலும் வீங்கியிருக்கிறது. செல்வி வயிற்றில் இருந்தபோது வள்ளிக்கும் இப்படித்தான். எனக்கு யாரும் சொல்லவில்லை.
தறியை மெதுவாக மிதித்தேன். பேச்சு கேட்டது.
"நேத்து எடுத்துக்கினு போனதும் செத்துப்போச்சுமா. ராவெல்லாம் கத்திக்கினே இருந்துச்சு."
"மெல்ல பேசுடி. தறி சத்தம் கேக்குற வரைக்கும் பயமில்ல. இந்தா, இதையாவது எடுத்துக்கினு போய் வளத்துக்கோ."
"நைனா எப்டி கீது?"
"அதுக்கு இன்னா. குஞ்ச எண்ணிக்கினு கீது."
நெய்துகொண்டே இருந்தேன். நிறுத்தினால் ஓடிவிடுவாள். புடவை முந்தியில் ஒரு விரற்கடை பாழ். போகட்டும்.

மாசி 13, வியாழன்
பெரிய கூடை. அதில் கோழி, மிச்சம் நாலு குஞ்சு, நொய் மூட்டை. மேலே பழைய வேட்டியைக் கட்டி, கொல்லைப் படலோரம் வைத்தேன். வள்ளிக்கு முகம் வெளுத்துவிட்டது.
"இன்னா பாக்குற? தாய்கிட்டருந்து பிரிச்சுக் கொண்டுபோனா குஞ்சு எப்டி பொழைக்கும்? ரெண்டு பேருக்கும் புத்தி இருக்குதா?"
குடத்தை எடுத்தாள், கீழே வைத்தாள்.
தறியில் உட்கார்ந்தேன். சங்கு. கால்கள் வந்தன. கூடைக்கு முன்னால் நின்றன. வெகு நேரம்.
தறியை நிறுத்தினேன்.
கால்கள் ஓடவில்லை.