தரை ஆடுதுன்னு எழுதியிருந்தியே

பழவேற்காடு
14-8-1969

அன்புள்ள மகன் துளசிராமனுக்கு அம்மா செங்கம்மா எழுதறது. இங்க நானும் உங்க நைனாவும் உன் தங்கச்சி செல்வியும் நல்லாத்தான் இருக்கோம், அங்க பம்பாயில உனக்கு இருமல் கொறைஞ்சு ரெண்டு வேளை சோறு எறங்கணும்னு அம்மனக் கும்பிட்டுக்கினு இருக்கேன். எப்பவும் செல்விதான் எழுதுவா, இன்னிக்கு அவளத் தண்ணிக்கு அனுப்பிட்டு நானே எழுதறேன், எழுத்து கோணலா இருந்தா சிரிக்காம படி. மழை இல்ல, ஏரி வத்திப்போய் எறா மட்டும் கொஞ்சம் கெடைக்குது. கோவிந்தம்மா மவளுக்குப் பொன்னேரியில மாப்பிள்ளை பாத்திருக்காங்க. அதெல்லாம் கெடக்கட்டும்.

உன் கடுதாசிய செல்வி படிச்சா. டி.பி.க்கு ரெண்டு மாசமா தெனம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போடறாங்க, மாடிப்படி எறங்கறப்ப தரை ஆடுது, காதுல சில்வண்டு கத்துது, படகுக்காரன் ரத்தம் எங்க போவும்னு தமாசா எழுதியிருந்த. அவ சிரிச்சா. எனக்கு அன்னியிலேர்ந்து சோறு எறங்கல.

நைனாவுக்கு அலை அடிச்சு காது போச்சுன்னு உனக்குச் சொல்லி வச்சிருக்கேன், அது பொய்யிப்பா. நீ திருநின்றவூர்ல மாமா ஊட்ல தங்கிப் படிச்ச வருசம் அவருக்கு இதே நோவு, இதே ஊசி. நம்ம ஜனத்துக்குக் கடல்ல ரெண்டு நாள் கெடந்துட்டுக் கரையேறினா தரை ஆடும், ஒரு தூக்கம் போட்டா சரியாப்பூடும், அதுக்கு எவனும் டாக்டர்கிட்ட போறதில்ல. அவரு தரை ஆடுதுடின்னு சொன்னப்ப நானும் தூங்கி எழுந்தா சரியாப்பூடும்னுதான் சொன்னேன். டாக்டரு ஒவ்வொரு தடவையும் தலை சுத்துதா, காது இரையுதான்னு கேட்டாரு. இவரு வாயத் தெறக்கறதுக்குள்ள நான் முந்திக்கினு, படகுல பொழைக்கறவங்களுக்கு அது சகஜங்கன்னு சொல்லிட்டேன். ஊசிய நிறுத்திட்டா எங்க பெரியண்ணனாட்டம் ரத்தம் கக்கிப் பூடுவாரோன்னு பயம் வேற. ஆனா படுத்த படுக்கையா இருந்த மனுசன், படகுல கால வச்சே மூணு மாசம் ஆயிருந்துச்சு. அப்புறம் தரை எப்படி ஆடும்? இந்தப் பாழாப்போன புத்திக்கு அது அப்ப தோணல.

நோவு தீந்துச்சு, உசிரக் காப்பாத்தினதும் அந்த ஊசிதான், இல்லன்னு சொல்லக்கூடாது. ஆனா கடைசி ஊசி போடறப்ப நான் கூப்பிட்டது அவருக்குக் கேக்கல. இந்த மருந்து சில பேருக்குக் காதையும் நிதானத்தையும் கெடுத்துடும், மொதல்லயே சொல்லியிருந்தா வேற மாத்தியிருப்பேனேன்னு டாக்டரு சொன்னாரு. நைனா பக்கத்துலதான் ஒக்காந்திருந்தாரு. இன்னா சொல்றாருன்னு என்னைக் கேட்டாரு, ஒண்ணுமில்லன்னு கைய ஆட்டினேன். ஆறு வருசமா அப்படியே ஆட்டிக்கினு இருக்கேன். இப்பவும் மூஞ்சி கழுவக் கண்ண மூடினா சாஞ்சுடறாரு, ஒரு கையால செவுத்தப் புடிச்சுக்கினுதான் கழுவறாரு. குடிச்சிருக்கான்னு ஊர்ல பேசினாங்க, படகுல ஏத்த ஆளில்ல. காது போனப்புறமும் உள்ள இரைச்சல் மட்டும் நிக்கல, யாரோ கூப்பிடறாங்க, யாருன்னு பாருன்னு தெனம் கேக்கறாரு. வாசல்ல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. நானும் எழுந்து போய்ப் பாத்துட்டுத்தான் வரேன்.

அதனால சொல்றேன், இது படகுக்காரன் ரத்தமும் இல்ல ஒண்ணுமில்ல. நீ படகு ஏறியே நாலு வருசம் ஆச்சு. இந்தக் கடுதாசி கைக்கு வந்த அன்னிக்கே டாக்டர்கிட்ட போ, அவரு கேக்கலன்னாலும் நீயா சொல்லு, காதப்பத்தியும் சொல்லு, தரையப்பத்தியும் சொல்லு. நீயா ஊசிய நிறுத்திடாதே, அது அதவிட மோசம். அவரு இன்னா சொல்றாரோ அதக் கேளு.

எழுதி முடிச்சதும் தப்பு இருக்கான்னு சத்தமாவே படிச்சுப் பாத்தேன். நைனா ஒரு கை தூரத்துல வலைக்குக் கண்ணி போட்டுக்கினு இருந்தாரு. முழுசும் படிச்சேன், அவரு தலை நிமிரல. முடிச்சப்புறம்தான் என்னைப் பாத்து, யாரோ கூப்பிடறாங்க, போய்ப் பாருன்னாரு.

நீ தீர்க்காயுசா இருக்கணும் கண்ணு. வேளைக்குச் சாப்பிடு, முட்டைய விடாதே. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்னு ஒரு கார்டு போடு, அது வர்ற வரைக்கும் தபால்காரரு வர்ற வழியிலதான் நின்னுக்கினு இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பூ. செங்கம்மாள்