பதினொரு நொடி முடிச்சு

இன்று காலை கண்ணமங்கலத்திலிருந்து பஸ் ஏறி ஒருவர் வந்து நம் இசைத்தட்டை வாங்கிக்கொண்டு போனார். இனி மிச்சமிருப்பது என்னுடையது ஒன்றுதான். அவருக்காக அலமாரியைத் திறந்தபோது உன் தறி எண்ணெய் வாசனை குப்பென்று வந்தது. ஒவ்வொரு உறையின் மேலும் உன் பழைய ஜக்கார்டு அட்டை ஒன்றைத் தைத்திருக்கிறோமே, அந்த வாசனை. இருநூறு அட்டை, இருநூறு தட்டு. ஏன் அதோடு நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்பவர்களிடம், உன் மாங்காய்ச் சேலை டிசைனுக்கு அவ்வளவு அட்டைதான் என்கிறேன். ஏதோ பெரிய தத்துவம் என்று நினைத்துத் தலையாட்டுகிறார்கள். நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

வந்துவிட்டதடி நம் தட்டு. வந்தது மட்டுமில்லை, தீர்ந்தும் போய்விட்டது. ஒரு பக்கம் உன் 'பேஜார்', மறுபக்கம் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியின் பெயர் வைத்த என் 'பாவுக்கஞ்சி'. ஆரணியில் இரண்டு பேண்டு இருப்பதே ஆரணிக்குத் தெரியாத காலத்தில் நீ போட்ட திட்டம் அது.

நான் டிசைன் அட்டை குத்துகிறவள். நீ அதைத் தறியில் மாட்டி நெய்கிறவள். அட்டையில் ஓட்டை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் படுத்திருக்கும். ஒரு நாள் அட்டைகளை வாங்க வந்தவள், வெளிச்சத்தில் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாய்: "இது நூலுக்கு மட்டும்தான் சேதி சொல்லுமா? நமக்கும் சொல்லட்டுமே." ஓட்டை வந்தால் அடி, வராவிட்டால் சும்மா இரு. அவ்வளவுதான் நம் சங்கீத சாஸ்திரம். வரிசையாகக் கோத்த ஒரே அட்டை மாலையை இரண்டு பேண்டும் வாசிப்பது, ஆளுக்கு ஒரு பக்கம். உன் பக்கத்தில் மைக் கட்டிய தறியும் நீயும், சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிற தம்பியும், மைக்செட் அண்ணனும். என் பக்கத்தில் கிட்டார் கம்பியைத் தறியில் ஓடித் தேய்ந்த பழைய நாடாக்கட்டையால் தேய்க்கிற நானும், தகர டிரம் அடிக்கிற இரண்டு பேரும். உங்கள் ஒத்திகையை முதல்முறை கேட்ட உன் அம்மா, "இன்னாடி பேஜாரு இது, ஜல்தியா நிறுத்து" என்றார். அன்றே உன் பேண்டுக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

என் மானம் போன கதையையும் எழுதிவிடுகிறேன். மூன்று மாதம் ஒத்திகை பார்த்துவிட்டு, பெருமையாக உன்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினோம். நீ கண்ணை மூடிக் கேட்டாய். பாதியில் கை தட்டி நிறுத்தினாய்.

"இன்னாடி இது, மாங்கா தலகீழா தொங்கிகினு கீது?"

அட்டை மாலையைக் கடைசியிலிருந்து மாட்டியிருந்தேன். அட்டை குத்துகிறவளே திருப்பி மாட்டியதும், அதை நீ காதாலேயே கண்டுபிடித்ததும் ஒரே நேரத்தில் உறைத்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து மாற்றுகிறேன் என்று அழாத குறையாகச் சொன்னேன். "வுடு. உன் பக்கம் மாங்கா தொங்கட்டும், என் பக்கம் நிக்கட்டும்" என்றாய். தட்டில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

அப்படி என்னை மன்னித்தவளுக்கு நான் என்ன செய்தேன்? உன் வீட்டுத் தறியிலேயே உன் பக்கத்தைப் பதிவு செய்த அன்று, பாட்டு உச்சத்துக்குப் போகும் இடத்தில் தறி நின்றது. "இருங்கப்பா, இழை அறுந்துச்சி" என்ற உன் குரல். பிறகு ஸ்பீக்கரின் உறுமல் மட்டும். பதினொரு நொடி. நீ முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடி மிதித்தாய். முடிந்ததும் நான், "நல்லா வந்தது, கெட்டுப்போச்சு. ஞாயித்துக்கிழமை மறுபடி எடுக்கலாம்" என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இழை அறுந்தா சேலைய கிழிச்சுப் போட்டுட்டா புதுசா ஆரம்பிக்கிறோம்? முடிச்சுப் போட்டுட்டு நெய்யறோம். இதான் என் பாட்டு."

"கேக்குறவங்களுக்கு அது தெரியுமா?"

"தெரிஞ்சவங்க கேப்பாங்க, போ."

இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டோம். அந்த ஞாயிறு நீ வரவில்லை. அதற்கடுத்த வாரம் காய்ச்சல் என்று வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனாய். வீட்டுக்குத் திரும்பி வந்தது நீ இல்லை. உன்னோடு கடைசியாகப் பேசிய பேச்சு ஒரு சண்டை என்பதை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே அந்த ஒரே பதிவுதான் மிஞ்சியது. தட்டு அடிப்பதற்கு முன் ஒலியைச் சீர்செய்து தர, சென்னையில் மாஸ்டரிங் செய்பவரிடம் கொடுத்தோம். மாதிரித் தட்டு வந்தது. ஊசியை வைத்தேன். உச்சம் வந்தது, போயே போய்விட்டது. தறி நிற்கவே இல்லை. உன் குரல் இல்லை, உறுமல் இல்லை, முடிச்சு இல்லை. ஒட்டியது தெரியாமல் சுத்தமாக வெட்டியிருந்தார். போன் செய்தேன்.

"மேடம், அது மிஸ்டேக்குன்னு நெனச்சேன். வாங்குறவங்க ஊசி மாட்டிக்கிச்சுன்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

நான் உன்னிடம் சொன்னதையே அவர் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். தட்டைத் திரும்ப அடித்தால் இன்னும் ஐந்து மாதம் ஆகும். என் பேண்டுக்காரர்களே, "வுட்டுடுக்கா, யாருக்குத் தெரியப் போகுது" என்றார்கள். எனக்குத் தெரியும் என்றேன். மாஸ்டரிங்காரரிடம், அந்தப் பதினொரு நொடியில் பத்தரை இருந்தாலும் தட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உனக்காக நான் போட்ட ஒரே சண்டை அது. உன்னிடம் போட்டதைவிடப் பெரிய சண்டை. ஐந்து மாதம் என்றது ஏழு மாதமாகி, தட்டு முழுசாக வந்தது.

வெளியீடு சர்ச் பள்ளிக்கூட ஹாலில், ஞாயிறு மதியம். மைக்செட் அண்ணன் இருந்த ஸ்பீக்கரையெல்லாம் கொண்டுவந்து அடுக்கினார். சென்னையிலிருந்து, இந்த மாதிரி இரைச்சல் இசையைத் தேடி அலைகிற கறுப்புச் சட்டைப் பிள்ளைகள் முப்பது பேர். மற்றபடி உன் தெருவே வந்திருந்தது. முதல் வரிசையில் உன் அம்மா. உன் பக்கத்தைப் போட்டேன். உச்சம் வந்தது. தறி நின்றது.

"இருங்கப்பா, இழை அறுந்துச்சி."

சென்னைப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவன் ஊசியைப் பார்க்க எழுந்தே விட்டான். நெய்கிறவர்கள் ஒருவர்கூட அசையவில்லை. பின்வரிசைப் பெரியவர் அவன் தோளைப் பிடித்து, "குந்துப்பா, பொண்ணு இழை கட்டிகினு கீது" என்றார். நான் உன் அம்மாவைப் பார்த்தேன். மடியில் அவர் விரல்கள், இல்லாத இழையின் இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தன. ஹால் முழுக்க அதே விரல்கள். பிறகு 'டக்' என்று உன் மிதி விழுந்தது.

"கட்டிட்டா! என் பொண்ணு கட்டிட்டா!"

உன் அம்மா எழுந்து நின்று கத்தினார், அந்தப் பேஜாருக்கு நடுவில். தெருவே எழுந்து நின்று விசில் அடித்தது. உன் மீதிப் பாட்டில் பாதி யாருக்கும் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் கேட்டார்களடி. நீ ஜெயித்துவிட்டாய், என்னையும் சேர்த்து ஜெயித்துவிட்டாய். நான் அழுதுகொண்டே விசில் அடிக்கப் பார்த்தேன், காற்றுதான் வந்தது.

இத்தனை வருடம் அட்டை குத்தியும் எனக்கு ஒரு இழை கட்டத் தெரியாது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அம்மாவிடம் போய்க் கற்றுக்கொள்கிறேன். தட்டைப் போடுவோம், நீ இருங்கப்பா என்றதும் நானும் கட்ட ஆரம்பிப்பேன். எனக்கு முன்னால் நீ மிதித்துவிட்டுப் போய்விடுவாய், அம்மா சிரிப்பார். போன வாரம் பதினாறு நொடி ஆனது. இழுத்துப் பார்த்தேன். முடிச்சு நின்றது.