மூன்று ரவுட்டர்களும் ஞாயிற்றுக்கிழமை அழைப்பும்

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் அறுந்தது. மகன் வழக்கம்போலப் பத்து மணிக்கு டேப்லட்டில் வந்தான். பதினோராவது நிமிடத்தில், "அப்பா, குரல் விட்டு விட்டு வருது, உங்க நெட்டு சரியில்ல" என்றான். அவ்வளவுதான், திரை கறுத்துவிட்டது. தொடர்ந்து ஐந்தாவது ஞாயிறு. தேதியும் நிமிடமும் குறித்து வைத்திருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள்தான் அவன் முகத்தைப் பார்க்கிறோம். அதையும் என் வீட்டு ரவுட்டர் கெடுக்கிறது.

மனைவி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

மார்ச் 5, செவ்வாய்

இணைப்பு நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார். அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "பெட்டி என்ன நகையா சார், உள்ள பூட்டி வெக்க?" என்றார். தூசிக்குப் பயந்து நான்தான் வைத்தேன். வெளியே, உயரத்தில் வைக்க வேண்டுமாம். ஏழு வருடப் பழசு, மாற்றுவது நல்லது என்றும் சொன்னார். எதை வாங்கலாம் என்று கேட்க நினைத்தேன். கேட்கலாமா வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் படியிறங்கிவிட்டார்.

மார்ச் 7, வியாழன்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். ஒரு தடவை அளந்ததை நம்பக் கூடாது என்பதாவது தெரியும். கீழ்வீட்டுப் பல் மருத்துவர் சும்மா கிடந்த தன் ரவுட்டரைக் கொடுத்தார். கடையில் புதிதாக ஒன்று வாங்கினேன். மூன்றுக்கும் ஒரே இடம், தலா மூன்று மணி நேரம், மும்மூன்று அளவு. வேகம் மெகாபிட் கணக்கில்:

பழையது — பக்கத்தில் 38, சாப்பாட்டு மேசையில் 9. மணிக்கு நான்கைந்து முறை அறுகிறது.

மருத்துவருடையது — 52, 21. அறுவது குறைவு. ஆனால் தொட்டால் சுடுகிறது.

புதியது — 61, 44. மூன்று மணி நேரத்தில் ஒரு முறைகூட அறவில்லை.

முகம் பார்த்துப் பேச ஐந்து இருந்தாலே போதும் என்று படித்தேன். ஆக, வேகத்தைவிட அறாமல் நிற்பதுதான் முக்கியம். புதியதுதான். முடிவெடுத்த பிறகும் சந்தேகம் — இன்று தெருவில் எல்லோரும் வெளியே போய், இணைப்பில் நெரிசல் குறைந்ததால் இருக்குமோ?

மார்ச் 8, வெள்ளி

மறுபடி அளந்தேன். அதே முடிவு.

மார்ச் 10, ஞாயிறு

புதிய ரவுட்டர், டேப்லட் வைக்கும் மேசைக்கு மேலே சுவரில். எட்டாவது நிமிடம் அறுந்தது.

"நீங்க பெட்டிய மாத்திக்கிட்டே இருங்க" என்றாள் மனைவி. குரலில் கேலி இருந்தால்கூடப் பரவாயில்லை. இல்லை.

மார்ச் 13, புதன்

பரிசோதனைக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கும்போதே, அதே மாதிரி குப்பியில் சுத்தமான நீரையும் வைத்துச் சோதிப்போம். அதிலும் அழுக்கு தெரிந்தால் கோளாறு குப்பியில். கிணற்றின் மேல் பழி இல்லை. வெற்று மாதிரி என்போம். இது எப்படி இத்தனை நாள் தோன்றாமல் போயிற்று? ஞாயிறன்று மனைவியின் போனில், இதே இணைப்பில், நேரடி இணைய ரேடியோவை ஓடவிட வேண்டும். டேப்லட்டோடு அதுவும் நின்றால் தப்பு என் வீட்டில்.

மார்ச் 17, ஞாயிறு

ஒன்பதாவது நிமிடம் அவன் போய்விட்டான். ரேடியோ நிற்கவில்லை. சமையலறையில் யாரோ ஒருவர் நாளைய மழையைப் பற்றி ஒரு சொல் விழாமல் பேசிக்கொண்டே இருந்தார்.

அவன் பக்கத்து இணைப்பில் கோளாறாக இருக்கலாம். இருக்கலாம்தானே?

மார்ச் 18, திங்கள்

குறிப்புத் தாளில் இன்னொரு பத்தி சேர்த்தேன்: அறும்போது என்ன பேச்சு? எனக்கு நினைவில்லை. மனைவியிடம் கேட்டேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மருமக எங்க, அவளக் கூப்பிடுன்னு கேப்பீங்க. அப்பதான் போகும்."

எல்லா வாரமுமா என்றேன். எல்லா வாரமும்தான் என்றாள். அப்படியானால் உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும். நீங்க பெட்டியோட மல்லுக்கட்டிட்டு இருந்தீங்க. அந்தச் சாக்கு எனக்கும் வேண்டியிருந்துச்சு."

மத்தியானம் இருவரும் சாப்பிட்டோம். சாப்பிட்டோம் என்று எழுதுவதுகூடச் சரியில்லை.

மார்ச் 24, ஞாயிறு

நான் கேட்கவில்லை. என் முழங்கால், அவன் அலுவலகம், வெயில் என்று சுற்றிச் சுற்றி ஓட்டினேன். பதினான்காவது நிமிடத்தில் அவனே ஆரம்பித்தான். "அப்பா, ஒண்ணு சொல்லணும். அவ வந்து—"

என் கை மேசைக்குக் கீழே போயிற்று. ரவுட்டரின் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

ஏன்? ஏன் அப்படிப் பண்ணேன்? எட்டு வாரமா எது வேணும்னு தவிச்சேனோ, அது வாய்வரைக்கும் வந்துச்சு. எழுபத்திரண்டு வயசுக்கு இதுவா புத்தி? மனைவி என் கையையே பார்த்தாள். வயர் இன்னும் அதில் இருந்தது.

மறுபடி சொருகினேன். விளக்குகள் எரிய இரண்டு நிமிடம். அவன் திரும்பக் கூப்பிடவில்லை. நானும்தான்.

மார்ச் 26, செவ்வாய்

அவனிடமிருந்து ஒன்றும் இல்லை.

மார்ச் 27, புதன்

சாதாரண போனில் கூப்பிட்டேன். மூன்று முறை எண்ணைப் போட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். நான்காவது முறை அவன் எடுத்துவிட்டான். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்திருந்தும் முதல் வரியே திக்கியது.

"அன்னிக்கு நெட்டு போகலடா. நான்தான் வயரப் புடுங்கினேன். நீ சொல்லப்போறத கேக்க பயமா இருந்துச்சு."

தாளைக் கீழே வைத்தேன்.

"நானும்தாம்பா" என்றான். "ஒவ்வொரு வாரமும் நான்தான் கட் பண்ணேன்."

பிறகு சொன்னான். அவள் ஜனவரியிலேயே போய்விட்டாள். திரும்பி வருவதாக இல்லை. பெரிய சண்டை எதுவும் இல்லையாம். அதைத்தான் எங்களுக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லையாம். ம், ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 31, ஞாயிறு

பத்து மணிக்கு வந்தான். நாற்பத்தேழு நிமிடம்.

வீட்டைப் போன மாதமே காலி செய்துவிட்டானாம். எங்கே இருக்கிறாய் என்று அவன் அம்மா கேட்டதும், இத்தனை வாரமும் அவன் முதுகுக்குப் பின்னால் தெரிந்த நீலத் திரைச்சீலையை விலக்கி அறையைக் காட்டினான். ஒற்றைக் கட்டில். சுவரோரம் இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் ஆறு. நாற்காலி முதுகில் காயும் சட்டை.

"அடுப்பு எங்கடா?" என்றாள்.

"இன்னும் வாங்கலம்மா."

செவ்வாய்க்கிழமை ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுக்கப்போகிறேன் என்று நான்தான் சொன்னேன். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை.